கிரியாட்டினின் ஏறும் முன்பே

எங்கள் பக்கத்தில் சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாதம் தவறாமல் வெறும் வயிற்றில் வந்து சர்க்கரை பார்த்துக்கொண்டு போகிறவர்களிடம், சிறுநீரில் புரதம் போகிறதா என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலானோர் அப்படி ஒரு சோதனை இருப்பதையே அறியாதவர்களாக இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு சிறிய பரிசோதனைக் கூடத்தில் நெடுங்காலமாக வேலை பார்த்துவருகிறவன் நான், மருத்துவன் அல்லன். ஆனால் எந்தச் சோதனைக்கு மக்கள் வருகிறார்கள், எதற்கு வருவதில்லை, வராமல் போனவர்கள் பிறகு எந்த நிலையில் வந்து சேர்கிறார்கள் என்பதை அன்றாடம் பார்க்கிற இடத்தில் இருக்கிறேன். நாள்பட்ட சிறுநீரக நோயைத் தடுப்பது பற்றி நான் எழுதுவது அந்த இடத்தில் இருந்துகொண்டுதான்.

சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. இந்த வடிகட்டிகள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. சில கெட்டுப்போனால் மற்றவை அந்த வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கின்றன. அதனால்தான் பாதி போன பிறகும் ஆளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. கால்வாயில் நாலு மடை தூர்ந்துபோனால் மிச்சமிருக்கிற மடைகளில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து வயல் எப்படியோ நனைந்துவிடும், ஆனால் அந்த வேகமே கரையை அரித்துக்கொண்டிருக்கும் என்பது தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் வைப்பவர்களுக்குத் தெரியும். சிறுநீரகத்திலும் அதுதான் நடக்கிறது. கூடுதல் சுமையை ஏற்ற வடிகட்டிகள் அந்தச் சுமையாலேயே ஒவ்வொன்றாகக் கெடுகின்றன. கால் வீக்கம், மூச்சு வாங்கல், ஓங்கரிப்பு, சோறு இறங்காமை, உடம்பெல்லாம் அரிப்பு என்று நோய் தன்னைக் காட்டிக்கொள்கிற நேரத்தில், பெரும்பாலும் பழைய திறனில் கால் பங்குகூட மிஞ்சியிருப்பதில்லை.

ஆகவே இது வலிக்காக, வீக்கத்துக்காகக் காத்திருந்து பிடிக்கக்கூடிய நோய் அல்ல. ஒன்றும் தெரியாத காலத்திலேயே தேடிப் பிடிக்க வேண்டிய நோய். அந்தத் தேடலைத் தனியாள் ஒருவரின் பொறுப்பில் மட்டும் விட்டுவிட முடியாது, ஊரும் அரசும் சேர்ந்து செய்ய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

"கிரியாட்டினின் பார்த்தாச்சு, நார்மல்தான்" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் அநேகம் பேர். அந்த நிம்மதி எல்லோருக்கும் பொருந்தாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. தசை அதிகமுள்ள இளைஞனுக்குச் சற்றுக் கூடுதலாகவும், மெலிந்த முதியவருக்குக் குறைவாகவும் இருப்பது இயல்பு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 1.2 மில்லிகிராம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல கூடங்களின் அறிக்கைத்தாளில் அது இயல்பு எல்லைக்குள்தான் அச்சாகும். ஆனால் வயதையும் பாலினத்தையும் சேர்த்து இப்போது வழக்கத்தில் உள்ள சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 25 வயது ஆணுக்கு வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 86 மில்லிலிட்டர் என்று வரும். 65 வயதுப் பெண்ணுக்கோ அதே 1.2க்கு 50 என்றுதான் வரும். அந்த வேகம் 60க்குக் கீழே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது மருத்துவ வரையறை. ஒரே எண் ஒருவருக்குச் சுகம், இன்னொருவருக்கு நோய். இந்த வேகத்தை இ.ஜி.எஃப்.ஆர். என்ற பெயரில் அறிக்கையிலேயே கணக்கிட்டு எழுதித் தரும்படி கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. அதற்கென்று தனியாக இரத்தம் எடுக்க வேண்டியதும் இல்லை.

கிரியாட்டினின் அசையும் முன்பே, பல நேரம் ஆண்டுக்கணக்கில் முன்பே, செய்தி சொல்லிவிடக்கூடியது சிறுநீர். நல்ல வடிகட்டி இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தை வெளியே விடாது. சர்க்கரையாலோ அழுத்தத்தாலோ அது நைந்துபோகத் தொடங்கும்போது புரதம் கசிகிறது. நான் தொழில் கற்ற காலத்தில் இதைப் பார்ப்பதற்குச் சோதனைக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும்தான். குழாயில் முக்கால் பங்கு சிறுநீரை ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியை மட்டும் தீயில் சாய்த்துக் காட்டுவோம். கொதி வரும்போது மேல்பகுதி வெள்ளையாகக் கலங்கும். உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சில சொட்டுகள் விட வேண்டும். கலங்கல் கரைந்துவிட்டால் அது வெறும் பாஸ்பேட். கரையாமல் நின்றால் புரதம். கலங்கிய மேல்பகுதியும் தெளிந்த கீழ்ப்பகுதியும் ஒரே குழாயில் கண்ணெதிரே நிற்பதால், நோயாளியைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. இப்போது அந்த இடத்துக்கு வேதிப்பொருள் தடவிய சோதனைப் பட்டை (ஸ்டிரிப்) வந்துவிட்டது. சிறுநீரில் நனைத்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் கட்டம் பச்சையாகத் திரும்பும். பச்சை அடர அடர 1+, 2+, 3+ என்று டப்பாவின் பக்கத்தில் உள்ள நிறக் கட்டங்களோடு ஒப்பிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த யாருக்கும் ஒரு காலைப் பொழுதில் இதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

பட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய கசிவை அது தவறவிட்டுவிடும். அதனால் சர்க்கரை நோயாளிகள் அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தைச் சிறுநீரில் பார்க்க வேண்டும்; ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் அல்புமின் இருந்தால் சரி, 30ஐத் தாண்டினால் கவனம் தேவை, 300ஐத் தாண்டினால் ஆபத்து கூடிவிட்டது. பெரியவர்களுக்கு வருகிற இரண்டாம் வகைச் சர்க்கரையில், நோய் தெரிந்த அன்றே ஒருமுறையும் அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது முறை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உடலுழைப்பு, மாதவிடாய் ஆகிய நேரங்களில் புரதம் பொய்யாகக் காட்டலாம் என்பதால், ஒருமுறை வந்த விடையை வைத்து யாரும் அஞ்சிவிட வேண்டாம். 3 மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு எளிய சோதனைக்கு மக்கள் ஏன் வருவதில்லை? முக்கூடல் பக்கமிருந்து வருகிற பீடி சுற்றும் அம்மா ஒருவரிடம், "ஒண்ணுக்கும் குடுத்துட்டுப் போங்கம்மா, சேத்துப் பாத்துரலாம்" என்றேன். "அதெல்லாம் எதுக்குண்ணாச்சி, எனக்கு நீர் நல்லாத்தான் போகுது" என்றார். இந்தப் பதிலை நான் கேட்காத வாரம் இல்லை. நீர் நன்றாகப் போவது வேறு, அதில் என்ன போகிறது என்பது வேறு. சிறுநீரகம் கெடத் தொடங்கும் காலத்தில் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைந்து, அளவு அதிகமாகவும் வாய்ப்புண்டு. இராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து போவதை வயதுக்கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். கூச்சமும் ஒரு காரணம். சிறுநீர்க் குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தைக் கடந்து வருவதற்குப் பெண்கள் தயங்குகிறார்கள். கழிப்பறைக்குள்ளேயே குப்பியை வைத்துவிட்டு வரும்படி ஒரு சிறிய அலமாரி போட்டுக்கொடுத்த பிறகு எங்கள் கூடத்தில் சிறுநீர் கொடுப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதைச் செய்வது பெரிய காரியம் அல்ல.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. சர்க்கரை நோயாளிகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேர் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த நிலைக்கு வருவதாகவும், அதனால் ஆண்டுக்கு 3.4 கோடி டயாலிசிஸ் தேவை கூடுவதாகவும், 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கியபோது ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நான்கு மணி நேரம் என்பது டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டிய அளவு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அதன் கட்டணத்தை ஏற்றுக்கொள்வது பெரும் உதவிதான். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் வீட்டிலேயே கிடந்து செத்திருப்பார்கள். ஆனால் மலையடிவார ஊரிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் பஸ் பிடித்துப் போய்வரும் செலவும், கூட வருகிற மகனோ மருமகளோ இழக்கிற கூலியும், நோயாளி இழந்துவிட்ட வேலையும் எந்தக் காப்பீட்டிலும் வருவதில்லை. டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட பிறகு அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்கிறார். கொத்தனாருக்கும் சுமை தூக்குபவருக்கும் அந்த ஒரு வாக்கியத்தோடு பிழைப்பு போய்விடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், கசிவைத் தொடக்கத்திலேயே கண்டவர்களுக்கு இப்போது இருக்கிற வாய்ப்பு என் இளமைக்காலத்தில் யாருக்கும் இருந்ததில்லை. எனலாப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்ற அழுத்த மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு புரதக் கசிவையும் குறைக்கின்றன. டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை, சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது; சிறுநீரகத் திறன் பாதியாவது, முழுச் செயலிழப்பு, சிறுநீரகத்தாலோ இதயத்தாலோ வரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் 39 சதவீதம் குறைவு. அதே 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கியதால் விலையும் இறங்கிவிட்டது. இவற்றை யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். நான் சொல்ல வருவது ஒன்றே: மருந்து இருக்கிறது, கைக்கெட்டும் விலையில் இருக்கிறது, ஆனால் கசிவு இருப்பதே தெரியாதவருக்கு அதை யார் எழுதிக் கொடுப்பார்கள்?

ஊருக்குள்ளேயே தேடிப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் டாக்டர் எம்.கே. மணி, சிறுநீரக உதவி அறக்கட்டளை ஒன்றின் வழியாக 1990களில் சென்னையை அடுத்த கிராமங்களில் ஒரு திட்டத்தை நடத்தினார். முதலில் எடுத்துக்கொண்ட மக்கள்தொகை ஏறத்தாழ 25,000. அந்தந்த ஊரிலேயே படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, எல்லோருக்கும் அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதத்துக்குச் சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் சர்க்கரைக்குப் பெனடிக்ட் கரைசலும் கொண்டு சோதித்து, கோளாறு தெரிந்தவர்களுக்கு மலிவான பழைய மருந்துகளையே கொடுத்து, விடாமல் பின்தொடர்ந்தார்கள். ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஆன செலவு அமெரிக்கக் கணக்கில் அரை டாலரைக்கூட எட்டவில்லை. டயாலிசிஸ் எந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த ஒரு மருத்துவர், அந்த எந்திரத்துக்கு ஆள் வராமல் இருப்பதற்காகச் சோதனைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போனார் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

அந்த வழி இப்போது அரசின் கையிலும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்த்துச் சிறுநீரக நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் திட்டத்தையும் தமிழ்நாடு அரசு தொடங்கியது. உலக சுகாதார அமைப்பின் பேரவையும் 2025 மே மாதம் சிறுநீரக நலத்துக்கென்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. திட்டம் இருக்கிற இடத்துக்கும் அது தேவைப்படுகிற ஆளுக்கும் நடுவில் இன்னும் தூரம் இருக்கிறது. பீடித்தட்டை இறக்கிவைத்துவிட்டு அரைநாள் கூலியை விட்டு சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் போவதைவிட, மாத்திரை கொண்டுவருகிற தன்னார்வலரின் பையில் அழுத்தமானியோடும் குளுக்கோமீட்டரோடும் சிறுநீர்ப் பட்டை டப்பா ஒன்றும் இருந்துவிட்டால் வேலை எளிதாக முடிந்துவிடும்.

சர்க்கரையும் அழுத்தமும் இல்லாமலே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளும் எங்கள் சீமையில் இருக்கின்றன. முதலாவது, வலி மாத்திரை. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் இன்னும் பல ஊர்களிலும் ஆயிரம் பீடிக்கு இன்ன கூலி என்று பேசி, காலையிலிருந்து இருட்டும்வரை குனிந்த தலை நிமிராமல் இலை வெட்டிச் சுற்றுகிறவர்களுக்குக் கழுத்து, தோள், இடுப்பு என்று வலிக்காத இடம் இல்லை. மெடிக்கலில் போய் "மேல்வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்றால் சிறு காகித உறையில் மூன்று நாலு மாத்திரை கிடைக்கும். அதில் டைக்ளோஃபெனாக் அல்லது அசெக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று நிச்சயம் இருக்கும்; சில இடங்களில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். உறையில் மருந்தின் பெயர் இருக்காது. இந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குள் போகிற நுண்ணிய இரத்தக்குழாயைச் சுருங்க வைக்கின்றன. நன்றாகத் தண்ணீர் குடித்திருக்கிற, ஆரோக்கியமான ஆளுக்கு எப்போதாவது ஒன்று பெரிய தீங்கு செய்யாது. ஆனால் வெயிலில் வேர்த்து உடம்பு வற்றியிருக்கிறவருக்கும், அழுத்தத்துக்கு மேலே சொன்ன மாத்திரையோடு நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறவருக்கும் இது சேரும்போது, வடிகட்டி ஒரே அடியில் நின்றுபோகவும் கூடும். மாதக்கணக்கில் அன்றாடம் விழுங்குகிறவருக்கு மெதுவாக அரிக்கும். வலிக்குப் பாரசிட்டமால் அளவோடு எடுத்துக்கொள்வது சிறுநீரகத்துக்குப் பெரிதும் பாதுகாப்பானது. பெயர் எழுதாத உறையில் மாத்திரை வாங்குவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் முடிவெடுத்தால் இந்தப் பழக்கம் ஒழியும். விற்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வாங்குகிறவர் உங்கள் தெருக்காரர், உங்கள் அத்தை, உங்கள் மதினி.

இரண்டாவது, வெயில். கோடையில் பாளையங்கோட்டையில் 40 பாகை செல்சியஸைத் தொடுவது புதிதல்ல. திசையன்விளை, இராதாபுரம் பக்கத்துத் தேரி மணலில் மண்ணும் சேர்ந்து கொதிக்கும். 1986வரை எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தோடு ஒன்றாக இருந்த தூத்துக்குடியில் உப்பளங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர் 352 பேரிடம் சென்னை ஆய்வாளர்கள் 2017க்கும் 2020க்கும் நடுவில் நடத்திய ஆய்வில், பத்துக்கு ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதும், 7 சதவீதம் பேருக்கு வடிகட்டும் வேகம் குறைந்திருப்பதும் தெரிந்தன. தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர் 3,350 பேரிடம் நடந்து 2025இல் வெளியான இன்னோர் ஆய்வில் 5 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை, அழுத்தம் என்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. நிகராகுவா, எல் சால்வடார் நாடுகளின் கரும்பு வெட்டுகிறவர்களிடமும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும், இலங்கையின் அனுராதபுரம் பக்கத்திலும் இதே மாதிரியான நோய் உழைக்கும் வயதில் ஆட்களைத் தின்றிருக்கிறது. வெப்பம், தண்ணீர், பூச்சிமருந்து என்று பல காரணங்களை அறிவியலாளர்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. ஆனால் மத்திய அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் தண்ணீர், ஓய்வு, நிழல் மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது நிரூபணமாகியிருக்கிறது.

இந்த மூன்றில் எதுவும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் வேலையிடத்தில் குடிநீர், ஓய்வுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று எழுத்திலேயே வைத்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. நம் பெரியவர்கள் வெள்ளென வயலுக்குப் போய், உச்சிக்கு முன்னால் கரையேறி, நீராகாரம் குடித்து மரத்தடியில் தலை சாய்த்தது உடம்பின் கணக்கை அறிந்த ஒழுங்கு. சூளையிலும் கட்டட வேலையிலும் அந்த ஒழுங்கு போய்விட்டது. பெண்களின் நிலை இன்னும் கொடுமை: ஒதுங்க இடமில்லாததால் காலையிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் ஆய்வாளர்களிடம் சொன்னதும் இதையேதான். வேலையிடத்தில் ஒரு கழிப்பறை கட்டுவது சிறுநீரக நோய்த் தடுப்பு என்று யாரும் கணக்கெழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். இந்தியர் சராசரியாகச் சாப்பிடுவது ஏறத்தாழ 8 கிராம். குழம்பில் போடுகிற உப்பைக் குறைத்துவிட்டேன் என்கிறவர்கள், தொட்டுக்கொள்வதில் அதைத் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், கூழ்வற்றல் எல்லாமே உப்பில் ஊறியவை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அதில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது, காரத்திலும் இருப்பது சோடியம்தான். அழுத்தம் உள்ளவர் வாரத்தில் ஒருநாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. உப்புக்குப் பதிலாக விற்கிற பொட்டாசியம் உப்பை, சிறுநீரகம் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடலாம். முற்றிய நோயாளிக்கு இளநீரும் இதே காரணத்தால் ஆகாது.

நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகம் கழுவி விட்டதாகிவிடும் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. கல் உண்டாகிறவருக்குத் தண்ணீர் மருந்துதான். வெயிலில் வேலை செய்கிறவருக்கு அவசியம்தான். ஆனால் கெட்டுப்போன வடிகட்டியைத் தண்ணீர் சரிசெய்யாது. கால் வீங்கிய நோயாளிக்கு அளவு மீறிய தண்ணீர் நுரையீரலில் போய் நிற்கும். நாட்டு மருந்து விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். அரசு சித்த மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிற மண் இது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. பெயரும் முகவரியும் இல்லாமல் பொட்டலத்தில் வருகிற பற்பம், செந்தூரங்களை அவர்களே சாப்பிடச் சொல்வதில்லை. பாதரசம் சேர்ந்த மருந்துகளால் சிறுநீரில் புரதம் கொட்டுகிற நோய் வருவதை வேலூர் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் முகம் வெளுக்கப் பூசுகிற கிரீமில் இருந்த பாதரசத்தாலேயே இந்த நோய் வந்தது.

இன்னும் சில காரணங்கள் உண்டு. வயலில் கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென நின்று, பிழைத்தவர்களில் சிலருக்கு அது நாள்பட்டதாக மாறுகிறது; கடித்த உடனே மந்திரிக்கப் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போவது சிறுநீரகத்தையும் காப்பாற்றும். குழந்தைகளுக்குச் சொறிசிரங்கோ தொண்டைப் புண்ணோ வந்துபோன சில வாரங்களில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் சாயா நிறத்தில் போனால் அன்றே காட்ட வேண்டும். வயதான ஆண்கள் நீர் முக்கி முக்கிப் போவதைச் சொல்லக் கூச்சப்பட்டே இரண்டு சிறுநீரகத்தையும் வீங்க விட்டுவிடுகிறார்கள். கர்ப்ப காலத்தில் அழுத்தம் ஏறிய பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகும் ஆண்டுக்கொருமுறை சிறுநீர் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்ததும் இதை மறந்துவிடுகிறோம்.

உலக சிறுநீரக நாள் மார்ச் மாதத்தின் இரண்டாவது வியாழக்கிழமை வருகிறது. அதை ஒட்டி, மார்ச் 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டில் எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடுகிறது. வெயில் ஏறத் தொடங்குகிற மாதமும் அதுவே. அந்தக் கூட்டத்தில் வைப்பதற்காக நானும் எங்கள் தெருக்காரர்கள் சிலரும் ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். ஊராட்சியில் சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து, இ.ஜி.எஃப்.ஆர். எண்ணோடு அவரவர் கையில் சீட்டாகக் கொடுக்க ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டுக்கொள்வது; ஊராட்சி வேலை நடக்கும் இடங்களில் குடிநீரும் நிழலும் பெண்களுக்குக் கழிப்பறையும் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை என்று முடிவெடுப்பது; பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வேலை நேரத்தைக் காலை 6 மணிக்கு முன்தள்ளக் கோருவது. தங்கள் ஊரில் வைக்க விரும்புகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எந்தத் திருத்தமும் செய்துகொள்ளலாம்.